சுவரேறி வந்த ஒயர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் தெரு புயலில் நனைந்து, கரண்ட் இல்லாமல் கிடந்த நேரம்.

அதற்கு முன்னால் எங்கள் மொட்டை மாடிச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் அந்த வருடம்தான் வீட்டுக்குச் சோலார் போட்டிருந்தார். கரண்ட் லைனோடு சேர்ந்த வகை. பகலில் மிஞ்சுகிற மின்சாரம் லைனுக்குப் போகும், பில் குறையும். பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவே அவரை முசியே என்றும், அவர் மனைவியை மதாம் என்றும்தான் கூப்பிடும். அவரும் சோலார் போட்டார். ஆனால் லைனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முழுக்கப் பாட்டரிதான்.

காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனால், கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர்.

"மத்தியானத்துக்குள்ள உங்க பாட்டரி ரொம்பிடுது. அப்புறம் வர்ற வெயிலெல்லாம் வீண்தானே முசியே?"

"லைன் போச்சுன்னா நீங்க என்னா பண்ணுவீங்க சார்?"

"வெயில் இருக்குதில்ல? அது போதும்!"

இந்த நம்பிக்கையில்தான் புயல் மண்ணள்ளிப் போட்டது. புயல் கடந்த மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தது. பேனல்கள் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளத்தன. வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை. சோலார் மாட்டிக் கொடுத்த கடைக்காரருக்குப் போன் செய்தால், லைன் நின்றால் மெஷினும் தானாகவே நின்றுவிடும் என்றார். "இல்லன்னா உங்க வூட்டு கரண்ட் லைன்ல ஏறி, போஸ்ட்டுல வேலை செய்றவர அடிச்சிடும் சார்." இதை அவர் முதலிலேயே சொன்னாராம். பில் குறையும் என்பதைத் தவிர வேறெதுவும் என் கணவர் காதில் ஏறவில்லை போலிருக்கிறது.

அதற்கு மறுநாள் என் மருமகளுக்கு வளைகாப்பு. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய கரு. வடைக்கு அரைக்க வேண்டும், சட்னிக்கு அரைக்க வேண்டும், வருகிறவர்களுக்கு ஒரு ஃபேனாவது சுற்ற வேண்டும். தள்ளிப்போடலாமா என்று பேச்சு வந்தது. தள்ளினால் மார்கழி, அப்புறம் தைதான். கையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "சரி அத்தை" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. போய் ஒரு வார்த்தை கேளுங்களேன் என்றேன். "அந்த ஆள்கிட்ட நான் போய் நிக்கணுமா?" என்று முறுக்கிக்கொண்டார்.

அவர் முறுக்கி முடிப்பதற்குள் மாடியிலிருந்து விசில். ஓடிப் போய்ப் பார்த்தால், முசியே நீளமான ஒயரையும் ஒரு ஜங்ஷன் பாக்ஸையும் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார். யாரும் கேட்கவே இல்லை.

"குடுத்துடறேன் சார். ஆனா, பாட்டரிதான் கெட்டின்னு ஒரே ஒரு வாட்டி சொல்லணும். தெருவுக்கே கேக்கணும்."

"சொல்ல மாட்டேன்!"

"பாட்டரிதான் கெட்டி முசியே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்திருந்தாள் என் மருமகள். முசியே சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியாகச் சிரித்தது என் கணவர்.

இரண்டு வீட்டையும் அந்தப் பாட்டரி தாங்காது என்று மதாம் தன் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டார். உள்ளே இருந்த மீனையெல்லாம் ஒரே மூச்சில் வறுத்துத் தெருவுக்கே கொடுத்தார். மறுநாள் விடியற்காலை எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடியது. அந்தச் சத்தத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வளைகாப்பு ஜாம்ஜாமென்று நடந்தது. முதல் வளையலை நான் போட்டேன், அடுத்ததை மதாம் போட்டார். அந்த நேரம் எங்கள் வாசலுக்கு எதிரே போஸ்ட்டில் ஒரு லைன்மேன் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் அவரைக் காட்டி, "எங்க மெஷின் இவருக்காகத்தான் நின்னு கெடக்குது" என்றார், சண்டைக் குரல் இல்லாமல்.

முசியே அண்ணாந்து லைன்மேனைப் பார்த்தார். "அப்பிடின்னா அது நல்ல மெஷின்தான் சார்" என்றார்.

லைன்மேன் இறங்கியதும் இருவரும் ஆளுக்கொரு கை பிடித்து அவரைப் பந்திக்கு இழுத்து வந்தார்கள். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வடையை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் கரண்ட் வந்தபோது தெருவே கத்தியது.

இப்போது என் பேத்தி அந்த மாடியில் தத்தக்கா பித்தக்கா என்று ஓடுகிறாள். சண்டையும் அப்படியே நடக்கிறது. எந்தச் சோலார் போடலாம் என்று யாராவது கேட்டு வந்தால் இருவரும் ஆளுக்கொன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், எதை வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு தினமும் சண்டை போடுகிற அளவுக்காவது பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.