பதின்மூன்று மாதப் பெட்ரோல்

லிஃப்ட்காரருக்கு இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கத்தும்போது ஓடிப்போய் இறக்கிவிடுவது. எந்த மோட்டார் எதற்கு முனகுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டு வாசலில் நின்ற காரின் சத்தத்துக்குக் காரணம் தெரியாமல் இரண்டு நாள் முழித்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

பிளக் மாட்டி சார்ஜ் ஏற்றுகிற ஹைபிரிட் கார் அது. ஐம்பது கிலோமீட்டர் வரை பேட்டரியிலேயே போகும். அதற்கு மேல்தான் பெட்ரோல் எஞ்சின் தலைகாட்டும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை, பேட்டரி முழுசாக இருக்கும்போதே எஞ்சின் தானாக எழுந்துகொண்டது. நின்ற இடத்திலேயே உறுமியது, தணிந்தது, திரும்ப உறுமியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் அதே கதைதான்.

புதன்கிழமை சாயங்காலம் காரோடு வந்த கையேட்டைப் புரட்டினார். டாங்க்கில் கிடக்கும் பெட்ரோல் ஒரு வருடத்துக்கு மேல் பழசாகிவிட்டால், அதை எரித்துத் தீர்க்க எஞ்சின் தானாகவே ஓடும் என்று போட்டிருந்தது. படித்ததும் கையேட்டைச் சட்டென்று மூடிவைத்தார். ஞாயிறுதோறும் தொண்ணூறு கிலோமீட்டர் போய், பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு வரத்தான் அந்தக் காரையே வாங்கினார்கள். அவர் போய்வருவதாகத்தான் மனைவி நம்பிக்கொண்டிருக்கிறாள். வாரா வாரம் அவ்வளவு தூரம் போய்வருகிற காரில் பெட்ரோல் எப்படிப் பழசாகும்?

அவர் போய்ப் பதின்மூன்று மாதம் ஆகிறது. அப்பா அம்மா இல்லாத வீட்டில், பொத்தான் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கி, அவரைப் படிக்க வைத்தவள் அக்கா. பக்கவாதம் வந்தபிறகு அவளுக்கு நினைவு குழம்பிவிட்டது. கடைசியாகப் போன அன்று, தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவரைப் பார்த்து, "யாருடா நீ? இந்த ஆள வெளிய அனுப்புங்க!" என்று அந்தத் தளமே அதிரக் கத்தினாள். அவர் காருக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டு, வரும் வழியில் டாங்க்கை நிரப்பினார். அந்தப் பெட்ரோல்தான் இது.

அடுத்த ஞாயிறும் கிளம்பத்தான் செய்தார். பதினைந்தாவது கிலோமீட்டரில் ஏரிக்கரை வந்தது, அங்கேயே நிறுத்திவிட்டார். அப்புறம் அதுவே பழகிப்போயிற்று. ஞாயிறு என்றால் மனைவியின் தையல் கடையில் கூட்டம் நெரியும், அவளால் கூட வர முடியாது. அக்காவுக்கென்று அவள் உரித்துக் கொடுத்தனுப்பும் ஆரஞ்சுச் சுளைகளை ஏரிக்கரையில் உட்கார்ந்து அவரே தின்பார். தின்ன வெட்கமாக இருக்கும். கொட்டவும் மனசு வராது. வீட்டுக்கு வந்து, "இன்னிக்குக் கொஞ்சம் தேவல, ரெண்டு வார்த்தை பேசினா" என்று அளந்துவிடுவார்.

இப்போது இருப்புக் கொள்ளவில்லை. எரித்துத் தொலைத்துவிடலாம் என்று வேலை முடிந்ததும் தெருத்தெருவாகச் சுற்றினார். வாசலில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தார். பெட்ரோல் முள் அசைவேனா என்றது.

மனைவி கார்க் கண்ணாடியைத் தட்டினாள். "என்னங்க, நின்ன இடத்துலயே அது பாட்டுக்குக் கத்திட்டிருக்கு, நீங்க பாட்டுக்கு உள்ள உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல, பேட்டரி சூடாயிருக்கும்."

"ஞாயித்துக்கிழமை நடுவழியில நின்னா என்ன பண்ணுவீங்க? சனிக்கிழமை காலையில கொண்டு வர்றோம்னு ஒர்க் ஷாப்புல சொல்லிட்டேன். நானும் வர்றேன்."

"கடைய விட்டுட்டு நீ எதுக்கு?"

"அவங்க என்ன சொன்னாலும் நீங்க தலையாட்டிட்டு வந்துடுவீங்க."

வெள்ளிக்கிழமை அவருக்கு வேலையில் கையே ஓடவில்லை. வீட்டில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயெடுத்தார். மூன்று முறையும், "தண்ணி மோட்டார் போட்டியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

சனிக்கிழமை ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் காரில் ஒரு வயரை மாட்டி, கையிலிருந்த திரையைப் பார்த்தார்.

"வண்டிக்கு ஒரு நோயும் இல்லம்மா. பெட்ரோல்தான் பழசு. பதிமூணு மாசமா டாங்க் மூடியே திறக்கல. பக்கத்துலயே ஓட்டறீங்க போல. தூரமா எங்கயாவது போய்ட்டு வந்து புதுசா போடுங்க, தானா அடங்கிடும்."

"இவரு வாரா வாரம் நூத்தியெண்பது கிலோமீட்டர் ஓட்டறாருப்பா" என்றாள் மனைவி, மெக்கானிக்குக்குத்தான் வேலை தெரியவில்லை என்கிற தொனியில்.

மெக்கானிக் திரையைப் பார்த்தார், லிஃப்ட்காரரைப் பார்த்தார், துணி தேடுகிற சாக்கில் அந்தப் பக்கம் நழுவினார். மனைவி மெதுவாகத் திரும்பினாள்.

"அப்போ ஆரஞ்சு?"

"நான்தான்... ஏரிக்கரையில."

டயர்களுக்கு நடுவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

எந்த ஊருக்கு என்று அவர் கேட்கவில்லை. தொண்ணூறு கிலோமீட்டரும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் வாயே திறக்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. கண்ணாடியைத் திருப்பினார், ஏசியைக் கூட்டினார், குறைத்தார், சீட்டை முன்னே தள்ளிப் பின்னே தள்ளினார்.

அக்கா பாதியாக இளைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் காலியாக ஒரு நாற்காலி. அவர் அதை இழுக்கப் போனார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை கத்தவில்லை. வெளியாளிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்: "அதுல உக்காராதீங்க. என் தம்பி வருவான்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அக்கா மனைவியின் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை தவறாம வந்துடுவாம்மா. ஒரு வாரம்கூட விட்டதில்ல."

காரில் ஏறியதிலிருந்து பேசாதவள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"தெரியும் அண்ணி. எங்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவாரு."