சாயம் படாத இடம்

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் ஒரு கார் பட்டறையின் பின்கட்டில் இருபத்திரண்டு வருஷம் சாயம் அடித்தவர் சபாபதி. பம்பரோ கதவோ எது வந்தாலும் இரும்புத் தாங்கியில் மாட்டிவிட்டு, ஸ்ப்ரே துப்பாக்கியோடு எதிரே நிற்பார். முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் பலகைச் சுவர். தெறித்துத் திரும்பும் சாயப்புகை அவரைக் கடந்து அந்தப் பலகையில் போய்ப் படியும். அவர் மறைத்துக்கொண்டு நின்ற இடத்தில் மட்டும் படியாது. இப்படியே வருஷங்கள் போனதில், வெள்ளியும் கறுப்பும் சிவப்புமாகத் தடித்துப்போன பலகையின் நடுவே ஓர் ஆள் வெறும் மரமாக மிஞ்சி நின்றார்.

ஆளின் இடது காலுக்கு அடியில் ஒரு செங்கல்லும் தெரிந்தது. யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் பன்னிரண்டு வயதில் செம்பனைக் குலை ஏற்றிய லாரியிலிருந்து விழுந்தவர் சபாபதி. இடது கால் அன்றோடு மூன்று விரற்கடை குட்டையாகிவிட்டது. கல் இல்லாமல் நாள் முழுக்க நிற்க முடியாது.

பலகையை முதலில் கவனித்தவன் ரூபேந்திரன். மைவி காரின் பம்பரை மாற்ற வந்தவன், பம்பரை மறந்துவிட்டு அரை மணி நேரம் சுவரையே பார்த்தான்.

"அங்கிள், இது யாரு வரைஞ்சது?"

"யாரும் வரையல தம்பி. நான் நின்னேன். அதுவா வந்திருச்சி."

ரூபேந்திரன் ஸ்கூடாயில் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவன். குடும்பத்தில் அவன்தான் முதல் பட்டதாரி. தன்னைப் பற்றிய படங்களைத்தான் செய்வான், ஆனால் தன் முகத்தை ஒருநாளும் வரைந்ததில்லை. வெட்டிய தலைமுடியைத் துணியில் தைத்து ஒன்று செய்திருந்தான். எட்டு வருஷத்துப் பஸ் டிக்கெட்டுகளை ஒட்டி ஒன்று. எல்லாவற்றுக்கும் பெயர் 'சுய உருவம்', கூடவே ஓர் எண்.

"மூஞ்சி இருந்தாதான் ஆளா அங்கிள்?" என்பான். சபாபதிக்குப் புரியாது. ஆனாலும் நம்ம பிள்ளை, படித்த பிள்ளை, 'வாங்க அங்கிள்' என்று மரியாதையாகப் பேசுகிற பிள்ளை. தீபாவளிக்குப் பிறகு இருமலில் படுத்து சபாபதி வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, பட்டறை முதலாளியான தவுக்கே பின்கட்டை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினான். ரூபேந்திரன் போன் போட்டான்.

"அங்கிள், அந்தப் பலகைய நான் எடுத்துக்கட்டா? தூக்கிப் போடப் போறாங்களாம்."

"தாராளமா எடுத்துக்குங்க தம்பி. நம்மளையும் நாலு பேரு பார்க்கட்டும்." அன்று பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் கூப்பிட்டுப் பெருமை அடித்துக்கொண்டார்.

கடிதம் வந்தது மூன்று மாதம் கழித்து. நுரையீரல் கெட்டது வேலையால்தான் என்று சபாபதி இழப்பீடு கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். மருத்துவக் குழு பட்டறையிடம் விசாரித்திருக்கிறது. தவுக்கே எழுதிக் கொடுத்த பதில் இரண்டே வரி: சபாபதி கார் கழுவிப் பாலிஷ் போட்டவர். சாயம் அடித்தது வேறு ஆட்கள்.

உண்மையைச் சொன்னால், பின்கட்டில் ஏன் காற்றாடி இல்லை, முகமூடி ஏன் வாரத்துக்கு ஒன்று என்று அடுத்த கேள்வி தவுக்கேயிடம் வரும். சபாபதியோடு சாயம் அடித்த இரண்டு நேபாளிகளும் ஊர் போய்விட்டார்கள். சம்பளச் சீட்டில் 'பொதுத் தொழிலாளி' என்று மட்டும் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் துப்பாக்கியும் கையுமாக அவர் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. ஆதாரம் இருந்தால் கொண்டு வரவும்.

இருந்த ஒரே ஆதாரத்தைத் தன் வாயாலேயே தாரை வார்த்தாகிவிட்டது. அந்தப் பலகை இப்போது ஜொகூர் பாருவில் ஓர் ஓவியப் போட்டியின் கண்காட்சியில் இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் செங்கல்லை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். வேலையை விட்ட நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே சாமான் அதுதான். சாயம் ஏறி ஏறி செங்கல் என்றே தெரியாது.

"கல்லத் தூக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க? படம் பார்க்கவா, வீடு கட்டவா?" என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

"என்னையப் பார்க்க."

ஜொகூர் பாரு கலைக்கூடத்தில் நல்ல குளிர். வாசலில் இருந்த ஜாக்லின் என்ற பெண் பையைத் திறந்து பார்த்து, "அலமாக்! என்னா அங்கிள் இது, கல்லு?" என்றாள்.

"என்னோட கல்லும்மா. உள்ள இருக்கிற படத்துலயும் இது இருக்கு."

அவள் என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.

பலகைக்குக் கறுப்புச் சட்டம் போட்டு, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சின்ன அட்டை: 'சுய உருவம் 7. ரூபேந்திரன். பலகை, கார் சாயம்.' சபாபதி அட்டையை இரண்டு முறை படித்தார். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், 'தம்போய் நண்பர்களுக்கு நன்றி' என்று இருந்தது.

ரூபேந்திரன் ஓடி வந்தான். சபாபதி சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, இந்தப் பலகை எங்கருந்து வந்துச்சி, இதுல நிக்கிறது யாருன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. போதும்."

ரூபேந்திரன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "போட்டி விதி இருக்கு அங்கிள். தானே படைச்சதா இருக்கணும். எழுதிக் குடுத்தா இது உங்க படமாயிரும்."

"என் படந்தானே தம்பி?"

"அப்படி இல்ல அங்கிள். எங்கப்பாவும் தோட்டத்துல மருந்து அடிச்சவருதான். அந்த உருவத்துல நான் என்னையத்தான் பார்த்தேன்."

"பார்த்தீங்க, சரி. நின்னது யாரு?"

ரூபேந்திரன் சட்டத்தின் ஓரத்தை விரலால் துடைத்தான். பிறகு, "புதன்கிழமை மத்தியானம் பரிசு சொல்லிருவாங்க. அதுக்கப்புறம் எழுதித் தர்றேன். சத்தியமா," என்றான்.

"காலையில பத்து மணிக்கு விசாரணை தம்பி."

யாரோ கூப்பிட்டார்கள், அவன் போய்விட்டான். சபாபதி பையிலிருந்து கல்லை எடுத்துப் பலகைக்கு முன்னால் வைத்தார். இடது காலை அதன் மேல் வைத்து, முதுகைப் பலகைப் பக்கம் திருப்பி, வலது கையைத் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி நீட்டினார். போனை ஜாக்லினிடம் நீட்டி, "ஒரு படம் எடும்மா," என்றார்.

சுற்றி இருந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று எண்ணிக் கை தட்டினார்கள்.

ஜாக்லின் மட்டும் தட்டவில்லை. கல் கல்லோடு பொருந்தியது, கால் காலோடு பொருந்தியது. இடுப்புக்கு மேலேதான் கணக்கு உதைத்தது. தோளுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வெறும் மரம் விரிந்து கிடந்தது. பெரிய சட்டைக்குள் மாட்டிய குச்சி போல அதற்குள் நின்றார் மனுஷன்.

"அங்கிள், இது நீங்களா?"

"இருந்தேம்மா."

புதன்கிழமை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள், இந்தப் பக்கம் சபாபதியும் தவுக்கேயிடம் கணக்கெழுதும் கிராணியும். சபாபதி போனில் இருந்த படத்தைக் காட்டினார். கிராணி அவசரமே படாமல் திங்கட்கிழமைப் பேப்பரை விரித்தான். இறுதிச் சுற்று ஓவியர்கள் பற்றிய செய்தி. அதே பலகைக்கு முன்னால் கை கட்டிக்கொண்டு ரூபேந்திரன். கீழே, 'தன் உருவத்தின் முன் ஓவியர்.'

"டாக்டர், இந்தப் பையனே இது தன் உருவம்னு சொல்றான். இவரு போயி முன்னால நின்னு ஒரு செல்பி எடுத்துட்டு வந்திருக்காரு, அவ்வளவுதான்."

சபாபதி கல்லை மேசை மேல் வைத்தார். "இதைப் பாருங்க டாக்டர். இந்த வெள்ளி டாக்சிக் கம்பெனி வேலை. இந்தச் சிவப்பு ஒரு கலியாணக் காரு. எது எந்த வருஷம்னு கேளுங்க, சொல்றேன்."

மூத்த டாக்டரம்மா கல்லைக் கையில் எடுத்துப் புரட்டினார். பொறுமையான மனுஷிதான். கல் பட்டறையில் கிடந்தது என்று தெரிகிறது, அதன் மேல் யார் நின்றார் என்று கல் சொல்லாதே என்றார். அந்த ஓவியர் எழுத்தில் கொடுத்தால் பரிசீலிக்கலாம். இல்லையென்றால் கோப்பை மூட வேண்டியதுதான். ஒரு மாதம் தவணை.

வெளியே வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. போன் அடித்தது.

"அங்கிள், கெலிச்சிட்டோம்! முதல் பரிசு!"

"சந்தோஷம் தம்பி. அந்தக் கடுதாசி..."

அங்கே கேட்ட கைதட்டல் தள்ளிப் போனது; ரூபேந்திரன் ஒதுங்கிப் போய்ப் பேசினான்.

"இப்ப எழுதினா பரிசையே திருப்பிக் கேப்பாங்க அங்கிள். சிங்கப்பூர்க்காரர் ஒருத்தரு பலகைய வாங்குறேன்னு நிக்கிறாரு. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு. கொஞ்சம் புரிஞ்சுக்குங்க."

"புரிஞ்சிருச்சி," என்று சொல்லி சபாபதி போனை வைத்தார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார இடம் இல்லை. இடுப்பு வலித்தது. பையிலிருந்து கல்லை எடுத்துத் தரையில் போட்டு இடது காலை அதன் மேல் வைத்தார். இடுப்பு நேரானது. பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னாண்ணே, கல்லு மேல நிக்கிறீங்க?"

சபாபதி இருமி முடித்தார்.

"நல்லா பார்த்துக்கம்மா. நாளைக்கு யாராச்சும் கேட்டா, நின்னேன்னு சொல்லு."

பஸ் வந்தது. அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.