லீவுக்கு மட்டும் ஒரு வேலை

இங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் வேலைக்குப் போகிறார்கள். கனடாவுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத பலவற்றில் இதுவும் ஒன்று. பக்கத்து வீட்டு மார்கரெட்டின் கணவர் பல் டாக்டர், வாசலில் இரண்டு கார் நிற்கும். ஆனாலும் அவர்கள் மகன் ஜூலை மாதம் முழுக்க ஊரார் வீட்டுப் புல்லை வெட்டிக்கொண்டிருப்பான். மார்கரெட் அதை வெயிலில் நின்று பெருமையாகப் பார்ப்பாள். அந்தப் பெருமையைக் கண்டு நான்தான் கூச்சப்பட்டு உள்ளே போய்விடுவேன்.

என் மகள் ஷெரினுக்குப் பதினாறு வயதானபோது அவளும் வேலை தேடக் கிளம்பினாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மார்கரெட், “உன் மகள் வேலை தேடுகிறாளாமே!” என்று சிரித்தாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. “வீட்டில் ஒரு கஷ்டமும் இல்லை. அவள் அப்பாவுக்கு நல்ல வேலை இருக்கிறது” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் படபடத்தேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, மறுநாள் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, புது வேலைக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மார்கரெட்டின் அந்தப் பேச்சு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று அவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீடு திண்டுக்கல்லில். அப்பா நத்தம் பக்கம் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, காய் பறித்து விற்பவர். அந்த வருஷம் சித்திரையில் அடித்த சூறைக்காற்றில், முற்றாத காயெல்லாம் ஒரே ராத்திரியில் உதிர்ந்தது. அப்பா தோப்பிலிருந்து ஒரு சாக்கு மாவடுவோடு திரும்பி வந்தார். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். தங்கை அமலி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். வேடசந்தூர் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லுக்கு, லீவில் பெண்பிள்ளைகளை ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். “லீவு முடியிற மட்டும்தான்டி. பள்ளிக்கூடம் தொறந்ததும் நின்னுக்கலாம்” என்றாள் அம்மா. அமலி உற்சாகமாகத்தான் போனாள். மில் வேனில் ஜன்னலோர இடம் பிடித்துக் கையாட்டினாள்.

ரிசல்ட் வந்த அன்று அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் மில்லுக்கே போய்விட்டார். பள்ளியிலேயே கணக்கில் அவள்தான் முதல். ஆனால் ஷிப்ட் நடக்கும்போது யாரையும் வெளியே கூப்பிட மாட்டோம் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். அப்பா வெயிலில் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று அமலிக்குக் காலை ஷிப்ட். போ என்றும் யாரும் சொல்லவில்லை, நில் என்றும் யாரும் சொல்லவில்லை. வேன் வந்தது, ஏறினாள். அப்படியே பதினோரு வருஷம். அந்த மிஷின்களின் இரைச்சலில் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதற்கப்புறம்தான் கல்யாணம், குழந்தை எல்லாம்.

ஷெரினுக்கு ஏரிக்கரையில் உள்ள ஐஸ்கிரீம் கடையில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். “நீங்க மேனேஜர் மாதிரி கேளுங்கம்மா, நான் பதில் சொல்லிப் பாக்கறேன்” என்று எதிரே வந்து உட்கார்ந்தாள். இங்கே எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டாம்: இந்த வேலைக்கு நீ ஏன் வர விரும்புகிறாய்? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஷெரின் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “சித்தி என் வயசுலயே வேலைக்குப் போனாங்கல்ல? அவங்ககிட்டயே கேக்கறேன்” என்று போனை எடுத்துவிட்டாள். தடுப்பதற்குள் மறுமுனையில் அமலி வந்துவிட்டாள்.

ஸ்பீக்கரில் போட்டுக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“சித்தி! இன்டர்வியூல உங்கள என்ன கேட்டாங்க?”

“ரிவ்யூவா? அது என்ன தங்கம்?”

“வேலைக்குச் சேரும்போது என்ன கேட்டாங்க?”

“ஓ, அதுவா. கைய மேல தூக்கச் சொன்னாங்க. மிஷின் எட்டுதான்னு பாத்தாங்க. அம்புட்டுதான்.”

“ஏன் வேலைக்கு வரேன்னு கேக்கலையா?”

“அத யாரு கேட்டா?” என்று அமலி சிரித்தாள்.

“கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பீங்க?”

காதில் விழவில்லை என்று நினைத்து ஷெரின் இன்னும் உரக்கக் கேட்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“லீவுக்குத்தான் வந்தேன்னு சொல்லிருப்பேன்” என்றாள் அமலி.

மறுநாள் ஷெரின் தனியாகவே நேர்காணலுக்குப் போய்வந்தாள், வேலை கிடைத்துவிட்டது. முதல் சம்பளத்தில் சித்திக்கு ஒரு சால்வை வாங்கி அனுப்பினாள். திண்டுக்கல் வெயிலுக்குச் சால்வையா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோடை முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்யும்போதெல்லாம் அமலி சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்டாள்: “அங்க பள்ளிக்கூடம் எப்பக்கா தொறக்கறாங்க?” செப்டம்பரில் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஆகஸ்ட் கடைசியில் கடைக்காரர் ஷெரினை வார நாட்களிலும் சாயங்காலம் வரச் சொல்லிக் கேட்டார். அவளோ, ஸ்கூல் இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவ்வளவு சுலபமாக அதைச் சொல்ல முடியும் என்று எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் தெரியாது.

பள்ளி திறந்த அன்று காலை, பஸ் கிளம்பியதும் வாசலில் நின்றபடியே அமலிக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம்.

“போயிட்டாளாக்கா?”

“போயிட்டா” என்றேன் உரக்க.

“பள்ளிக்கூடத்துக்குத்தான? நீ நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் அமலி. புதுப் பை மாட்டிக்கிட்டுப் போனா.”

“சரிக்கா. சரி. வச்சுடறேன்” என்றாள். ஆனால் ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது. அது அவள் காதுக்குத் தெரிந்திருக்காது. தெருக்குழாயில் யாரோ குடத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. அவள் மகன் அவளுக்குக் கேட்கும்படி உரக்க வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் தடுமாறினான். அமலி அடுப்படியிலிருந்து விடையைச் சொன்னாள். இங்கே எங்கள் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஆபீசுக்குப் போகிற மார்கரெட் காரிலிருந்து கையசைத்தாள், நானும் அசைத்தேன். வாய்ப்பாடு முடியும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.