பேரையூர்ப் பெண்ணின் முன்பல்

விளாங்குடியில் இருக்கும் என் பல் மருத்துவமனைக்கு முதன்முதலில் வந்த அன்று, அந்தப் பெண் பேசும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டாள். முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பேரையூர்ப் பக்கத்து ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு வரும் பழுப்புக் கறையும் இருந்தது. "எங் கல்யாணத்துல கைய எடுத்துட்டுச் சிரிக்கணும் மேடம். அம்புட்டுத்தான்" என்றாள்.

பல்லை வரிசைப்படுத்தும் கிளிப்பை ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. பல்லில் அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கி, கழுவி, உலர்த்தி, பிரைமர் பூசி, பசை வைத்த கிளிப்பை அழுத்தி நீல விளக்கைக் காட்டினால் போதும். ஆனால் அந்தக் கறைப் பல்லில் அமிலம் சீக்கிரம் பிடிக்காது, கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். படித்ததுதான். கூட்டத்தில் மறந்து தொலைத்தேன். எல்லோருக்கும் வைக்கிற முப்பது விநாடிதான் அவளுக்கும்.

பத்தாம் நாள், ஒரு முன்பல்லில் இருந்து விழுந்த கிளிப்பைத் தாளில் மடித்துக்கொண்டு வந்து நின்றாள். திரும்ப ஒட்டினேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னத்தக் கடிச்ச? முறுக்கா, கரும்பா?"

"எதையும் கடிக்கல மேடம். கஞ்சியும் ரசஞ்சோறுந்தான்."

"பொய் சொல்லாத. சும்மா இருக்கையில எப்புடி விழும்?"

வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினேன். இரண்டு பஸ் மாறி வந்தவள் கண் கலங்கிக் குனிந்துகொண்டாள். இனி எப்படி விழுகிறது என்று பார்க்கிறேன் என அமிலத்தை அள்ளி அப்பிவிட்டு, அடுத்த நாற்காலி நோயாளியைப் பார்க்கப் போய்விட்டேன். எவ்வளவு நேரம் கழித்துக் கழுவினேன் என்று எனக்கே தெரியாது. அதன்பின் அது விழவே இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன், பாவி.

ஒன்றரை வருடம் கழித்து, கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பு கிளிப்புகளை எடுத்தேன். அந்த ஒன்று மட்டும் வர மறுத்தது. நிதானமாகத் தேய்த்து எடுத்திருக்கலாம். பொறுமை எங்கே இருந்தது எனக்கு? குறட்டால் ஒரு திருகு திருகினேன். 'டக்'கென்றது. கிளிப்போடு, நான் அமிலத்தில் அரிக்க விட்ட எனாமலும் ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்திருந்தது.

தட்டில் கிடந்ததைப் பஞ்சு போட்டு மூடினேன். "கொஞ்சம் சொத்தை இருந்திருக்கு, அடைச்சு விடுறேன்" என்று பல் நிறத்தில் பூசி அனுப்பினேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் என்னை விடவில்லை. பேனா மூடி விழுந்தாலும் அதுதான் கேட்கும். கடைத்தெருவில் யாராவது வாயைப் பொத்திச் சிரித்தால் அவளோ என்று திரும்பிப் பார்ப்பேன். ஒரு போன் பண்ணிக் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் அதே பழுப்புக் கறையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பேரையூர்ப் பெண்ணின் தங்கை என்றாள். எனக்குத் தாங்கவில்லை. "உங்க அக்கா மேல தப்பே இல்லம்மா. பல்லை உடைச்சது நான். பொய் சொன்னதும் நான்தான்" என்று கொட்டிவிட்டேன்.

"அக்காவுக்குத் தெரியும் மேடம். நீங்க பஞ்சு போட்டு மூடுனதப் பாத்துச்சாம்."

"கல்யாணத்துல சிரிச்சுச்சா?"

"பூசுனது தனியாத் தெரியுதுன்னு கைய எடுக்கவே இல்ல மேடம்."

"பெறகு ஏன் உன்னைய எங்கிட்டயே அனுப்புச்சு?"

"'எங்க ஊருப் பல்லு அந்தம்மாவுக்கு இனிமே மறக்காது, உனக்குப் பாத்துச் செய்யும்'னுச்சு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.