விழத் தெரியாத மலை

சுண்டெலிக்குத் தோற்பதுதான் வேலை. பழைய கிடங்கு ஒன்றைக் கொட்டகையாக்கி, சனிக்கிழமை சாயங்காலம் தோறும் அங்கே மல்யுத்தம் நடத்தினார்கள். யார் ஜெயிப்பது என்பதை முதலாளியம்மா முன்கூட்டியே சொல்லிவிடுவார். பார்க்க வருகிறவர்களுக்கும் அது அரசல்புரசலாகத் தெரியும். தெரிந்தும் வந்தார்கள். மலை என்று மேடையில் பெயர் வாங்கியவர், சுண்டெலி என்று பெயர் வாங்கியவரைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே போடும்போது கொட்டகையே அதிரும்.

மலை வேறு யாருமில்லை, சுண்டெலியின் அக்கா புருஷன். அது மட்டும் வெளியே தெரியக் கூடாது என்பது முதலாளியம்மாவின் கண்டிப்பு. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்தவர்கள் கொட்டகைக்குத் தனித்தனி பஸ்ஸில் போனார்கள்.

விழுவதில் சுண்டெலியை அடித்துக்கொள்ள ஆளில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். முதுகு படும் அதே நேரத்தில் இரண்டு உள்ளங்கையாலும் மேடைப் பலகையை அறைய வேண்டும். சத்தம் கையிலிருந்துதான் வரும், பார்க்கிறவர்களுக்கு எலும்பிலிருந்து வருவதாகப் படும். மாமாவின் பலத்தில் பாதி தன் முதுகில் இருக்கிறது என்று அவர் சாப்பிடும்போது சொல்வார். மலை மறுக்க மாட்டார், தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார்.

பிறகு கூட்டம் குறைய ஆரம்பித்தது. எப்போதும் ஜெயிக்கிறவனைப் பார்த்து ஜனங்களுக்குச் சலித்துவிட்டது, அடி வாங்கி எழுந்திருக்கிறவன்தான் இப்போது எடுபடுகிறான், அதனால் வருகிற வாரம் சுண்டெலி ஜெயிக்கட்டும் என்று முதலாளியம்மா முடிவு செய்தார். முன்வரிசையில் தவறாமல் உட்காரும் பேக்கரிக்காரர் இதைக் கேள்விப்பட்டு அவரை வாசலிலேயே மறித்தார்.

“வீட்லயும் நான் அடி வாங்கறேன், கடையிலயும் வாங்கறேன். காசு குடுத்து உள்ள வந்தும் மலை அடி வாங்கறதத்தான் பாக்கணுமாம்மா?”

முதலாளியம்மா அசையவில்லை. மலைகூட ஒப்புக்கொண்டார். சுண்டெலிதான் மாட்டேன் என்றார். ஜெயிக்கக் கூச்சம் என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் கவலை வேறு. மாமா இத்தனை காலத்தில் ஒரு முறைகூட விழுந்ததில்லை. அந்த உடம்பு தப்பாக விழுந்தால் கழுத்து நிற்காது. அக்காவும் அதையேதான் சொன்னாள்.

“நீ ஜெயிச்சிட்டு வா, தோத்துட்டு வா, எனக்கு ஒண்ணுமில்ல. அவர முழுசா கூட்டிட்டு வா.”

அந்த வாரம் முழுக்கக் காலையில் கொட்டகைக்குப் போய்ப் பழகினார்கள். சாயும்போதெல்லாம் மலையின் கை தன்னையறியாமல் பின்னால் ஊன்றப் போனது. ஊன்றினால் மணிக்கட்டு போகும், அடுத்தது கழுத்து. சுண்டெலி சலிக்காமல் திரும்பத் திரும்ப விழுந்து காட்டினார். வெள்ளிக்கிழமைதான் கை ஊன்றாமல் பலகையை அறைந்தது. அப்போது கடைசிப் பாடத்தைச் சொன்னார்: விழுந்ததும் எழுந்திருக்கக் கூடாது, அசையவே கூடாது.

சனிக்கிழமை சுண்டெலி தோளால் முட்டினார். மலை பின்னால் சாய்ந்தார். பலகை வெடித்தது போல ஒரு சத்தம். குழந்தைகள்கூடக் கத்தவில்லை. மலை கண்ணை மூடிக் கிடந்தார். விரல்கூட அசையவில்லை.

மேலே பாய்ந்து அமுக்க வேண்டிய சுண்டெலி மண்டியிட்டுக் குனிந்தார். தான் சொல்லிக் கொடுத்தது அவருக்கே மறந்து போயிருந்தது.

“மாமா, அடி பட்டுருச்சா?”

அந்த அமைதியில் அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மலை கண்ணைத் திறக்காமலே பல்லைக் கடித்தார். “ஏறிப் படுடா மாப்ள.”

பேக்கரிக்காரர் எழுந்து நின்றார். “என்னது, மாமன் மச்சானா? இத்தன நாளா எங்ககிட்ட சொல்லவே இல்லையே.” கல்யாண வீட்டில் தன்னைக் கூப்பிடாமல் விட்டது போன்ற குரல். முதலில் அவரே சிரித்தார், பிறகு கொட்டகை முழுக்கச் சிரித்தது. சுண்டெலி ஏறிப் படுத்தார். நடுவர் எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பேர் மேடை ஓரம் வந்துவிட்டார்கள், மாமாவுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டுக்கொண்டு.

உடை மாற்றும் அறைக்கு முதலாளியம்மா வந்தபோது இருவரும் பேச்சு வாங்கத் தயாராக நின்றார்கள். அவர் சுவரொட்டியில் இனி மாமன், மச்சான் என்றே போடச் சொல்லியிருப்பதாகத் தெரிவித்துவிட்டுப் போனார்.

இப்போது கொட்டகையில் யார் பலசாலி, யார் நோஞ்சான் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பக்கம் பெண் வீடு, மறு பக்கம் மாப்பிள்ளை வீடு என்று பிரிந்து உட்காருகிறார்கள். பேக்கரிக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தலைவர். மச்சானிடம் தோற்றுவிட்டு எந்த முகத்தோடு மாமனார் வீட்டுக்குப் போவாய் என்று அவர்தான் மலையை உசுப்பேற்றுகிறார். ஜெயிப்பதும் தோற்பதும் வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

அக்காவும் வருகிறாள். அவள் எந்தப் பக்கம் கை தட்டுகிறாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கீழே கிடப்பது யாரானாலும், அவர் எழுந்திருக்கிற வரைக்கும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருப்பாள். எழுந்த பிறகுதான் தட்டுவாள்.