திரையைத் துடைத்துவிட்டுக் கூப்பிடுகிறவர்

பெரம்பலூரில் நான் பைத்தான் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு லப்பைக்குடிகாட்டிலிருந்து ஓர் அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கறுப்பு புர்கா, மூக்கு நுனிவரை இறங்கிய கண்ணாடி. எழுதிய புரோகிராம் ஓடாமல் திரையில் சிவப்பு எழுத்தில் பிழை வந்தால், மற்றவர்கள் அப்படியே என்னைக் கூப்பிடுவார்கள். இவர் மட்டும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார். நான் போய் நின்றால் திரை வெறுமையாக இருக்கும்.

"தப்பப் பாத்தாத்தானேங்க எங்க தப்புன்னு சொல்ல முடியும்?" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். "ஒருத்தரக் கூப்ட்டுட்டு வூட்டக் குப்பையாப் போட்டு வைக்க மனசு வரமாட்டேங்குது சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று வகுப்பு கலைந்ததும், சென்டருக்காக நான் எழுதிக்கொண்டிருந்த வருகைப்பதிவு புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். காலையிலிருந்து மல்லுக்கட்டியும் அதே சிவப்பு வரிகள்தான் வந்தன. ஏதோ சந்தேகம் கேட்க அந்த அம்மா என் மேசைப் பக்கம் வருவதைக் கண்டதும் பதறிப்போய் அதை மூடப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அசைந்துகொடுக்கவில்லை.

அவர் பாதியிலேயே நின்றார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப வரலாமா சார்?" என்று கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

சிவப்பு வரிகளை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க" என்றேன்.