உப்புத்தண்ணி நின்ன அண்டா

அதான் அத்தாச்சி, வெல்டிங் விட்டுப்போச்சுன்னு நீங்க குளத்தடியில சொன்னது தப்பு. வெல்டிங் கல்லு மாதிரி இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலதான் ஓட்டை.

எரவலா வாங்கிட்டு வந்த உங்க அலுமினிய அண்டாவ பஸ்ஸுலேருந்து கீழ போட்டது நான். மறுக்கல. அடி விரிஞ்சிடுச்சு. எம்மவன் துபாய்லேருந்து வந்து குடவாசல் ரோட்டுல வெல்டிங் பட்டறை போட்ட புதுசு. பழைய அலுமினிய ஜன்னல்ல ஒரு துண்ட வெட்டி ஒட்டுனான். ஒரு சொட்டு ஒழுகல. நீங்களே தட்டிப் பாத்துட்டு சிரிச்சீங்க.

அப்பறம் அதுலயே சம்பாவுக்கு விதை பிரிச்சேன். தண்ணிய ஊத்தி, அதுல முட்டை மிதக்குற வரைக்கும் வேதாரண்யம் உப்ப அள்ளிப் போட்டேன். பதரு மிதந்துச்சு, நல்ல விதை அடியில தங்குச்சு. விதைய மூணு தண்ணியில அலசுனேன். அண்டாவ அலசல. உங்க விதைக்கும் ஆகுமேன்னு அந்தத் தண்ணிய அப்படியே வச்சிட்டு கீவளூர்ல மக வீட்டுக்குப் போயிட்டேன். போன இடத்துல நல்ல மீன் குழம்பு, பத்து நாள் ஆயிடுச்சு. வந்து பாத்தா தண்ணி இல்ல. ஒட்டு ஓரமா விபூதி பூசுனாப்புல வெள்ளைப் பொடி.

"எத்தன நாளும்மா உப்புத்தண்ணி நின்னுச்சு?"ன்னான் எம்மவன்.

"பத்து நாள்தாண்டா. அதுவும் அலுமினியம், இதுவும் அலுமினியம். ரெண்டுக்கும் என்னடா சண்டை?"

"பொன்னியும் இட்லி அரிசியும் ஒண்ணாம்மா? ரெண்டு அலுமினியத்துலயும் கலந்திருக்குற உலோகம் வேற வேற. நடுவுல உப்புத்தண்ணி நின்னா ஒண்ண ஒண்ணு அரிக்கும். ஜன்னல் துண்ட நான் வச்சிருக்கக் கூடாது."

ஆக எங்க ரெண்டு பேரு மேலயும்தான் தப்பு. ஆனா உங்க தம்பி, ரைஸ்மில்லுக்கு இரும்பு கேட் செய்யுற வேலைய எம்மவனுக்குத் தரேன்னவரு, நீங்க சொன்னதக் கேட்டு "பாப்போம்"னுட்டாரு. அவனுக்கு வந்த மொத பெரிய வேலை அது. ரெண்டு நாளா சரியா சாப்புடல.

இப்ப அண்டாவுக்கு உள்ள அதே தகட்டுல துண்டு வெட்டி மறுபடி ஒட்டிட்டான். காலையில உப்பு போட்டு மிச்ச விதையும் பிரிச்சாச்சு. கசிவே இல்ல. நீங்களே பாருங்க, பாத்ததத் தம்பிகிட்ட சொல்லுங்க, போதும்.

அண்டா மூடி எங்கன்னா கேக்குறீங்க? அதே தகடு வேற எங்க கெடைக்கும் அத்தாச்சி? மூடியிலதான் வெட்டுனான்.

அட, விதைய எடுத்தேனே ஒழிய, தண்ணி இன்னும் அண்டாவுலயே நிக்கிது. நவுருங்க, நவுருங்க, கொட்டி அலசிக் கவுத்துட்டு வரேன்.